பானையும் படிக்கட்டும்

மனித சரித்திரத்தைப் படிக்கட்டாகப் பார்க்கிற பழக்கம் நம் விமர்சகர்களை இன்னும் விடவில்லை. நாவல் வந்தால் இன்ன சமூகம், வசன கவிதை வந்தால் இன்ன வர்க்கம் என்று படி எண்ணிச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் படிக்கட்டில் ஒரு படி மண்பானையால் ஆனது. அது உடைந்து வெகுநாளாகிறது.

படியை வைத்தவர் லூயி ஹென்றி மார்கன். 1877ல் வெளிவந்த 'புராதன சமூகம்' நூலில், காட்டுமிராண்டி நிலைக்கும் அநாகரிக நிலைக்கும் இடையே எல்லைக்கோடு மட்கலம் செய்யும் கலைதான் என்றார். 1884ல் எங்கெல்ஸ் அதை ஏற்றுக்கொண்டார். பின்னால் கார்டன் சைல்ட் (1936) பானையை விவசாயத்தோடும் நிலைத்த குடியிருப்போடும் சேர்த்துக் கட்டினார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பானை கனம், எளிதில் உடையும். நாடோடி அதைச் சுமந்து திரிவானா? தானியம் விளைந்து, அதை வைக்க வீடும் இருந்தால்தானே பானைக்கு வேலை?

மண்ணைத் தோண்டியவர்களுக்குக் கிடைத்தது வேறு. 1950களில் காத்லீன் கென்யன் ஜெரிக்கோவில் வீடு, மதில், கல்கோபுரம் எல்லாம் கண்டார், பானை இல்லை. அங்கே ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக மனிதர்கள் பானையில்லாமலே ஊர் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். அந்தக் காலகட்டத்துக்குப் 'பானைக்கு முந்திய புதிய கற்காலம்' என்று பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

மறுபக்கம் ஜப்பான். மார்கனின் நூல் வந்த அதே 1877ல், எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியல்காரர் டோக்கியோ போகும் ரயிலின் ஜன்னல் வழியாக ஓமோரியில் ஒரு சிப்பி மேட்டைப் பார்த்தார். தோண்டியபோது கயிற்றுத் தடம் பதிந்த ஓடுகள் வந்தன. ஜோமோன் என்ற சொல்லுக்குப் பொருளே அந்தத் தடம்தான். செய்தவர்கள் வேட்டையாடியும் மீன் பிடித்தும் கொட்டைகள் பொறுக்கியும் வாழ்ந்தவர்கள். எல்லைக்கோட்டை வரைந்த வருஷமே அதற்கு எதிர்சாட்சியும் வெளியே வந்துவிட்டது; சாட்சியின் வயது தெரியத்தான் நாளாயிற்று.

2012ல் சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்து ஷியான்ரன்டோங் குகை ஓடுகளுக்குச் சுமார் 20,000 வருஷம் என்று கணக்கிட்டார்கள். உறைபனிக்காலத்தின் கடுங்குளிரில், இடம் மாறிக்கொண்டே இருந்த வேட்டைக்காரர்கள் செய்தவை. விவசாயம் வர இன்னும் பத்தாயிரம் வருஷம் இருந்தது. சில ஓடுகளின் வெளிப்புறத்தில் தீப்பட்ட கருமை இருக்கிறது. ஆக, அடுப்பில் ஏறிய பானை.

சுட்டால் களிமண் இறுகும் என்ற அறிவு அதற்கும் மூத்தது. செக் நாட்டு டோல்னி வெஸ்டோனிட்ஸேயில், 25,000 வருஷத்துக்கும் முன்பு, வேட்டைக்காரர்கள் பெண்ணுருவும் மிருக உருவும் செய்து சுட்டிருக்கிறார்கள். ஒரு பானை செய்யவில்லை. அறிவு கையிலிருந்தும் தேவை எழவில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

தேவை என்ன? 2013ல் ஜோமோன் பானைகளில் ஒட்டியிருந்த 101 கரிப்படிவுகளைச் சோதித்தார்கள். 15,000 முதல் 11,800 வருஷம் வரை பழையவை. பெரும்பாலும் மீனும் நீர்வாழ் உயிர்களும். ஆற்றில் மீன் ஏறும் பருவத்தில் பல கூட்டங்கள் ஓரிடத்தில் கூடியிருக்கலாம். ஒரே சமயத்தில் ஏராளமாகக் கிடைப்பதைக் கொதிக்க வைக்கவும் நெய் எடுக்கவும் பாத்திரம் வேண்டும். தோல்பையில் தண்ணீர் ஊற்றிச் சுட்ட கற்களைப் போட்டுக்கொண்டே இருக்கலாம்தான். பானையென்றால் தீயில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். எல்லாவற்றையும் சுமந்தே தீர வேண்டுமென்றும் இல்லை. அடுத்த வருஷம் திரும்பி வரும் இடத்தில் விட்டுவிட்டுப் போகலாம். நாடோடி என்றதும் திசையில்லாமல் திரிகிறவன் என்று நினைப்பது ஊர்க்காரனின் கற்பனை.

இதில் மனிதர்களைத் தரம் பிரித்த விஷயமும் இருக்கிறது. பானையில்லாத பாலினீசியரை மார்கன் காட்டுமிராண்டி நிலையிலேயே நிறுத்தினார். அவர்களுடைய முன்னோர் லபிடா என்று இன்று பெயர் பெற்ற, நுட்பமான பொறிப்புகள் கொண்ட மட்கலங்களைச் செய்தவர்கள். வழித்தோன்றல்கள் அந்தக் கலையைக் கைவிட்டார்கள். கைவிட்டபின் படகேறிப் பசிபிக்கின் தூரத்துத் தீவுகளையெல்லாம் கண்டடைந்தார்கள். கீழே இறங்கிய படி எது, ஏறிய படி எது என்று படிக்கட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜப்பானின் வடபகுதியில், அவோமொரியில், ஒடாய் யமமோட்டோ என்ற இடத்தில் 1998ல் 46 ஓடுகள் கிடைத்தன. எல்லாம் ஒரே பானையின் துண்டுகள். கயிற்றுத் தடம்கூட இல்லை, வெறும் ஓடு. 16,000 வருஷத்துக்கும் மேற்பட்டது என்று தெரிந்தது, அதில் அடிப்பிடித்திருந்த கரியிலிருந்து.