எண் இல்லாத சீவாளி: நாகசுரத்தின் சுருதி வரலாற்றில் விடுபட்ட பாதி

முகூர்த்த மாதங்களில் மும்பை கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள தெருக்களில் இருவகைக் காற்றுக்கருவிகள் ஒலிப்பதுண்டு. தமிழர் திருமணம் நடக்கும் மண்டபத்தில் நாகசுரமும் தவிலும். வட இந்தியத் திருமணத்தின் மாப்பிள்ளை ஊர்வலத்தில் டிரம்பெட்டும் பிற பித்தளைக் கருவிகளும். இரண்டுமே மங்கல ஒலிகள். இரண்டுமே திறந்த வெளியில் தொலைவுக்குக் கேட்கவேண்டியவை. ஆனால் வாசிப்பவரின் உதடு படும் சிறு பகுதியை எடுத்துக்கொண்டால் இரண்டும் முற்றிலும் வேறு. டிரம்பெட்டின் மவுத்பீஸுக்கு எண் உண்டு. நாகசுரத்தின் சீவாளிக்கு அப்படியோர் எண் இல்லை. இந்த வேறுபாடு தொழில்நுட்பத்தோடு முடிந்துவிடுவதன்று. நாகசுரத்தின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு எழுதப்பட்டுள்ள முறையையே அது கேள்விக்கு உட்படுத்துகிறது.

முதலில் எண்ணுள்ளதைப் பார்க்கலாம். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய டிரம்பெட் கலைஞர் வின்சென்ட் பாக், 1918-இல் நியூயார்க்கில் மவுத்பீஸ் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவர் பெயரில் நிலைபெற்ற அளவுமுறையில் எண், கிண்ணத்தின் உள்விட்டத்தைக் குறிக்கும். எழுத்து, அதன் ஆழத்தைக் குறிக்கும். எண் குறையக் குறைய விட்டம் கூடும். 'ஏ' என்றால் மிக ஆழம், 'சி' இடைநிலை, 'இ' மேலோட்டமானது. தொடக்கநிலை மாணவர் கையில் பெரும்பாலும் இருக்கும் 7சி-யின் உள்விட்டம் சுமார் 16.2 மில்லிமீட்டர், 1சி-யின் உள்விட்டம் சுமார் 17 மில்லிமீட்டர். ஆழமான கிண்ணம் ஒலியைக் கனமாக்கும். ஆழம் குறைந்தது ஒலியைக் கூர்மையாக்கும். அகன்றது முழக்கம் தரும், ஆனால் உதட்டின் வலிமையை விரைவில் தின்றுவிடும். யமாகா நிறுவனத்தின் எண்முறை இதற்கு நேர்எதிர்; அங்கே எண் கூடினால் விட்டமும் கூடும். ஆயினும் அட்டவணை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுவிட முடியும். மவுத்பீஸ் தொலைந்தால் அதே எண்ணைச் சொல்லி இன்னொன்று வாங்கிவிடலாம்.

சீவாளியை இப்படி வாங்க இயலாது. காரணம் கைவினையின் ஒழுங்கின்மை என்று கருதுவது பிழை. டிரம்பெட்டில் அதிர்வது வாசிப்பவரின் உதடு. மவுத்பீஸ் அந்த அதிர்வைத் தாங்கி வடிவப்படுத்தும் உலோகக் கிண்ணம் மட்டுமே. நாகசுரத்தில் அதிர்வது சீவாளியேதான். உதடு அதைக் கவ்வி, இறுக்கி, தளர்த்தி ஆள்கிறது. ஆகவே டிரம்பெட்டில் சீவாளிக்கு நிகரானது எதுவெனக் கேட்டால், வாசிப்பவரின் உதடு என்பதே சரியான விடை. 'மவுத்பீஸ்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கும்போது இந்த அடிப்படை வேறுபாடு மறைந்துபோகிறது. தமிழில் 'சீவாளி' என்ற தனிச்சொல் இருப்பது இங்கே பயனுடையது. அச்சொல்லைச் சீவுதல் என்னும் வினையோடும் இணைத்துப் பார்க்கலாம். சீவன் என்னும் பெயரோடும் இணைத்துப் பார்க்கலாம். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகப்படும் நூலை 'ஜீவா' என்று அழைப்பதையும் இங்கே நினைவுகூரலாம். அந்த நூல் இல்லாவிட்டால் தம்புரா ஒலிக்கும், ஆனால் உயிர்ப்பிராது. சீவாளி இல்லாவிட்டால் நாகசுரம் வெறும் மரக்குழல்.

சீவாளி செய்யப் பயன்படுவது காவிரி, கொள்ளிடக் கரைகளில் விளையும் கொறுக்கை எனப்படும் நாணல்வகை. அறுத்த தட்டையை நெடுங்காலம் காயவைத்துப் பதப்படுத்தி, அவித்து, உலர்த்தி, ஒரு முனையைத் தட்டையாக்கி, மறுமுனையைக் கெண்டை எனப்படும் சிறு உலோகக் குழலின்மீது நூலால் கட்டுகிறார்கள். தட்டையான முனையில் இரண்டு இதழ்கள் ஒன்றையொன்று நோக்கி அதிரும். இதழின் நீளம், அகலம், கனம், வாயின் திறப்பு, நாரின் விறைப்பு ஆகிய ஐந்தும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நீளம் கூடினால் சுருதி இறங்கும். விறைத்த சீவாளி மூச்சை அதிகம் கேட்கும். மெலிந்தது எளிதாகப் பேசும், ஆனால் மேல்தாயியில் சுருதி நழுவும். ஒரே தட்டையிலிருந்து எடுத்த இரண்டு துண்டுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. எந்த எண்ணும் இந்த ஐந்தையும் சேர்த்துச் சொல்லிவிடாது. இத்தனைக் கட்டை நாயனத்துக்கு என்று சுருதியைச் சொல்லிக் கேட்கலாம். அதற்குமேல் ஊதிப்பார்த்துத் தேர்வதே வழி.

அந்தத் தேர்வும் வாங்கிய அன்றோடு முடிவதில்லை. நாகசுரத்தில் துளையை மூடித் திறப்பது பாதி வேலை; கமகங்களையும் நுண்ணிய சுருதி வேறுபாடுகளையும் பெரிதும் மூச்சின் அழுத்தத்தாலும் உதட்டின் பிடியாலும் கொண்டுவர வேண்டும். ஆகவே நல்ல சீவாளி நிலையான சுருதியும் தரவேண்டும். வளைத்தால் வளையவும் வேண்டும். இவ்விரு தேவைகளும் எதிரெதிரானவை. புதிய சீவாளி ஈரம் ஏறி, ஊதி ஊதிப் பழகும்போதுதான் அவ்விரண்டுக்கும் இடையில் ஒரு சமநிலைக்கு வருகிறது. பழகியபின் சிலகாலம் சிறப்பாக ஒலித்து, பிறகு தளர்ந்து போகிறது. கலைஞர் எப்போதும் ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டும், இன்னொன்றைப் பழக்கிக்கொண்டும், வேறொன்றைக் கழித்துக்கொண்டும் இருக்கிறார்.

இனி வரலாற்றுக்கு வரலாம். நாகசுரத்தின் இருபதாம் நூற்றாண்டு மாற்றத்தை ஆய்வாளர்கள் பெரும்பாலும் இப்படிச் சொல்வர்: குட்டையான, உயர்சுருதியுள்ள திமிரி நாயனம் பின்னுக்குச் சென்றது; நீண்ட, தாழ்சுருதியுள்ள பாரி நாயனம் முன்னுக்கு வந்தது. இதில் மையமான பெயர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). சுத்த மத்திமம் சரியாக ஒலிக்கும் பாரி நாயனத்தை அவருக்காக 1955-இல் உருவாக்கியவர் நரசிங்கம்பேட்டை என். ஜி. என். ரங்கநாதன் ஆச்சாரி. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் உள்ள அவ்வூரில் நாகசுரம் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. பழைய வீடுகளிலிருந்து எடுத்த, நன்கு விளைந்து உலர்ந்த மரமே விரும்பப்படுகிறது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்த வரலாறு உண்மையானது; ஆனால் பாதி வரலாறு. மரத்தின் நீளம், துளைகளின் இடம், குடைவின் விரிவு, கீழ்ப்பகுதியில் மெழுகிட்டுச் சரிசெய்யும் பிரம்ம சுரத் துளைகள் ஆகியவை பற்றியே அது பேசுகிறது. கூம்புக் குடைவுள்ள எந்த இரட்டைநாக்குக் கருவியிலும் குழலும் நாக்கும் சேர்ந்தே சுருதியைத் தீர்மானிக்கின்றன. குழல் நீண்டால், திமிரிக்குச் செய்த சீவாளி அதற்குப் பொருந்தாது. பெரிய, வேறு கனமுள்ள சீவாளி வேண்டும். மத்திமம் துளையில் சரியாக அமைந்தும் சீவாளி ஒத்துழைக்காவிட்டால் அந்த மத்திமம் காதுக்கு வந்து சேராது. ஆகவே பாரி நாயனத்தின் பின்னால், தட்டையைப் புதிய அளவுகளுக்கு வெட்டிக் கட்டிய கைகளின் சோதனைகளும் இருந்தாகவேண்டும். மரம் கடைந்தவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. சீவாளி கட்டியவர்கள் அந்தக் கதையில் பெயரின்றியே நிற்கிறார்கள்.

இந்த மாற்றத்தில் பணயமாக இருந்தது இசை மட்டுமல்ல. திமிரி வீதிக்கும் கோயில் புறப்பாட்டுக்கும் உரிய சுருதி. கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகவேண்டிய ஒலி. தாழ்ந்த சுருதியுள்ள பாரியோ ஒலிபெருக்கி வந்துவிட்ட காலத்தில், அமர்ந்து கேட்கும் அவையில் இராகத்தை விரித்து ஆலாபனை செய்ய இடம் தந்தது. நாகசுரக் கலைஞர்கள் நின்றும் நடந்தும் வாசிப்பவர்களாக, சபை மேடையின் மதிப்புக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த சூழலில், பிற வித்துவான்களுக்கு இணையாக மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை ராஜரத்தினம் பிள்ளை வலியுறுத்தினார். சாதியும் மரியாதையும் கலந்த அந்த உரிமைக் கோரிக்கைக்குக் கருவியின் சுருதியும் துணை நின்றது. எந்தச் சீவாளி, எந்தச் சுருதி என்ற தேர்வு, எந்த இடத்தில் யாருக்கு முன்னால் வாசிப்பது என்ற தேர்வோடு ஒட்டியே நடந்தது.

அந்த மேடைகள் தமிழ்நாட்டுக்குள் மட்டும் இருக்கவில்லை. 1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக்கிற்குப் பிறகு 1898-இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட், வடக்கே தாதர்–மாதுங்கா பகுதியைத் திட்டமிட்ட குடியிருப்பாக வளர்த்தது. அங்கே குடியேறிய தென்னிந்தியர் கோயில்களையும் பஜனை சமாஜங்களையும் சபைகளையும் கட்டியெழுப்பினர். அருகிலேயே தாராவியில் உழைக்கும் தமிழர்கள் தம் கோயில்களையும் திருவிழாக்களையும் நிலைநிறுத்தினர். 1952-இல் சண்முகானந்த சபை உருவானது. கிங்ஸ் சர்க்கிளை அடுத்த அதன் பேரரங்கம் 1963-இல் திறக்கப்பட்டது. 1990-இல் தீ விபத்துக்கு உள்ளாகி, 1998-இல் மீண்டும் திறக்கப்பட்டது. ராஜரத்தினம் பிள்ளை மறைந்து ஏழாண்டுகள் கழித்தே அந்த அரங்கம் எழுந்தது என்றாலும், அவர் கேட்ட இடம் இத்தகையதுதான்.

கிங்ஸ் சர்க்கிளில் நாகசுரம் வாசிப்பவருக்குச் சீவாளித் தேர்வு இன்னொரு வகையிலும் கடினமாகிறது. காவிரிக் கரையில் இருப்பவர் செய்பவரின் எதிரில் அமர்ந்து பலவற்றை ஊதிப்பார்த்து ஒன்றிரண்டைப் பொறுக்கலாம். பிடிக்காததன் குறையைச் சொன்னால் செய்பவர் அங்கேயே சீவித் திருத்தித் தரலாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு அந்த உரையாடல் அறுந்துபோகிறது. நாணல் ஈரத்துக்கு உடனே இணங்கும் பொருள். பருவமழைக்காலக் கடற்காற்றில் ஒருவிதமாகவும் குளிரூட்டிய மண்டபத்தில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். காலையில் கோயிலில் இணங்கிய சீவாளி மாலையில் மண்டபத்தில் மறுக்கலாம். டிரம்பெட் கலைஞர் எண்ணைச் சொல்லித் தீர்த்துக்கொள்ளும் தொலைவை, நாகசுரக் கலைஞர் கூடுதல் சீவாளிகளாலும் கூடுதல் பயிற்சியாலும் கடக்கவேண்டியிருக்கிறது.

இங்கே ஆய்வுலகுக்கு ஒரு கடமை எழுகிறது. அருங்காட்சியகங்கள் குழலைப் பாதுகாக்கின்றன, நாணல் மக்கிப்போகும். இசைத்தட்டுகள் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் காத்துவைத்துள்ளன. அந்தத் தோடியை எழுப்பிய சீவாளியின் அளவு அவற்றில் இல்லை. பாதுகாக்க எஞ்சியிருப்பது பொருளைப் பற்றிய பேச்சு: செய்பவரும் வாசிப்பவரும் ஒரு சீவாளியின் விறைப்பையும் திறப்பையும் பழக்கத்தையும் குறிக்கப் பயன்படுத்தும் சொற்கள். எண் இல்லாத இடத்தில் அந்தச் சொற்களே அளவுகோல். திருவாவடுதுறை வட்டாரத்தில் அச்சொற்கள் எப்படி வழங்குகின்றன, மாதுங்காவிலும் தாராவியிலும் அவை எவ்வாறு மாறின, மராத்தியும் இந்தியும் சூழ்ந்த நகரில் எவை நின்றன, எவை உதிர்ந்தன என்பதைத் தொகுப்பது கள ஆய்வாளரால் இன்றும் செய்யக்கூடிய பணி. சீவாளியின் அளவுகளையும் ஒலிப்பதிவுகளையும் அச்சொற்களோடு இணைத்து வைத்தால், சுருதி வரலாற்றின் விடுபட்ட பாதியில் ஓரளவேனும் மீளும்.

நாகசுரத்தின் மேல்முனையில் நூலில் கட்டிய ஒரு கொத்து தொங்குவதைக் கேட்போர் அணிகலன் என்று எண்ணிவிடுவதுண்டு. மாற்றுச் சீவாளிகளும், அவற்றின் வாயைச் சரிசெய்யும் ஊசியும் கொண்ட கொத்து அது. கலைஞர் தாம் தேர்ந்தவற்றையும் இன்னும் தேர்ந்துகொண்டிருப்பவற்றையும் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் தொங்கவிட்டபடிதான் வாசிக்கிறார். வரலாறு எழுதுவோர் குழலின் நீளத்தை அளப்பதற்குமுன் அந்தக் கொத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்க்கவேண்டும்.