ஒளித்து வைத்த ஓர் ஏடு

இலக்கிய சரித்திரம் எழுதுகிறவர்கள், எந்த ஆண்டில் எந்த நூல் வெளிவந்தது என்று கணக்கு வைப்பார்கள். அதை எழுதியவர் கைக்குப் பேனா எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்பதில்லை. வசதியான வீட்டில் பிறந்த ஆண்பிள்ளையைப் பற்றி அப்படிக் கேட்க வேண்டியதும் இல்லை. ஐந்து வயதில் தகப்பனார் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். அத்துடன் அந்தக் கதை முடிந்தது. பெண் எழுத்தாளர் விஷயத்திலோ, கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வங்காளத்தில் பாப்னா ஜில்லாவில் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர் ராஸசுந்தரி தேவி. பன்னிரண்டு வயதில் கல்யாணம் ஆயிற்று. பெரிய குடும்பம்; பன்னிரண்டு குழந்தைகள்; விடிந்தால் அடுப்பு, பொழுது சாய்ந்தாலும் அடுப்பு. படிக்கத் தெரிந்த பெண் விதவையாகிவிடுவாள் என்று ஜனங்கள் நம்பிய காலம் அது. ஆனால் சைதன்ய பாகவதத்தைத் தாமே படிக்க வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. சிறு பிராயத்தில், பிறந்த வீட்டில் நடந்த பள்ளியில் பையன்கள் உரக்கச் சொன்ன எழுத்துக்கள் அவர் காதில் எங்கோ தங்கியிருந்தன. ஒரு நாள் அந்தச் சுவடி அடுக்களைப் பக்கம் வந்து சேர்ந்தது. ராஸசுந்தரி அதிலிருந்து ஓர் ஏட்டை உருவி ஒளித்து வைத்தார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். காதில் இருந்த ஒலி, ஓலையில் இருந்த எழுத்து, ஏட்டில் இருந்த எழுத்து ஆகிய மூன்றையும், சமையல் வேலைக்கு நடுவே, முக்காட்டுக்குள்ளேயே ஒப்பிட்டு ஒப்பிட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டார். வெளியூரில் படித்த மகன் ஒருவர், “நாங்கள் கடிதம் எழுதுகிறோம், நீ ஏன் பதில் போடுவதில்லை?” என்று கேட்கும் வரையில், எழுதுவது என்பது அவருக்குக் கைகூடாத வித்தையாகவே இருந்தது.

அந்த அம்மாள் எழுதிய ‘ஆமார் ஜீபன்’ (என் வாழ்க்கை) 1876-ம் ஆண்டில் வெளிவந்தது. வங்க மொழியின் முதல் சுயசரிதை என்று அதைக் கொண்டாடுகிறார்கள். அதில் ஒரு கட்டம் வருகிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தாம் உண்ண உட்காரும்போது ஒரு விருந்தாளி வந்து நிற்கிறார். அவருக்கு வைத்தபின் மறுபடி உட்கார்ந்தால் குழந்தை அழுகிறது. இப்படியே பொழுது போய், நிறைந்த வீட்டில் அந்த வீட்டுக்காரி மட்டும் பட்டினி கிடக்கிறாள். நானும் கதை எழுதுகிறவன்தான். பஞ்சத்தில் பசித்தவனைப் பற்றியும், வேலையில்லாமல் பசித்தவனைப் பற்றியும் நாங்கள் நிறைய எழுதியிருக்கிறோம். களஞ்சியம் நிறைந்த வீட்டில் பசித்திருந்தவளைப் பற்றி எழுதுவதற்கு ஒரு ராஸசுந்தரி எழுத்தைத் திருட வேண்டியிருந்தது.

நம் பக்கம் திரும்பினால் வை. மு. கோதைநாயகி அம்மாள் கண்முன் நிற்கிறார். ஐந்தரை வயதில் மணமானவர். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்ல. முதல் நாடகமான ‘இந்திர மோகனா’வை அவர் வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதிக்கொடுத்தார். 1924-ம் ஆண்டில் அது அச்சேறிற்று. அடுத்த ஆண்டே ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்றுக்கொண்டார். பிறகு எழுதியவை 115 நாவல்கள். அந்த நாவல்களை இலக்கியத் தராசில் போட்டு நிறுத்து, குறைவு என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். மத்தியானச் சாப்பாடு ஆனபிறகு ஆயிரக்கணக்கான வீடுகளில் பெண்கள் புத்தகத்தைக் கையில் எடுத்த பழக்கம் அவராலும் வந்தது. இன்றைக்குக் கதை எழுதும் நாங்கள் எல்லோரும் அந்தப் பழக்கத்தில்தான் பிழைக்கிறோம்.

மறுபடி வங்காளத்துக்கே போவோம். ஆஷாபூர்ணா தேவி பிறந்தது 1909-ல். பாட்டியார் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை. அண்ணன்மார் பாடம் படிக்கும்போது எதிரில் உட்கார்ந்து பார்த்தே எழுத்துக்களைக் கற்றார். எதிரில் உட்கார்ந்ததால் அவை முதலில் தலைகீழாகத்தான் பதிந்தனவாம். 1964-ல் வெளிவந்த ‘பிரதம ப்ரதிச்ருதி’ என்ற அவருடைய நாவலின் கதாநாயகி சத்தியவதி. ஒன்பது வயது மகளுக்குத் தன்னை அறியாமல் கல்யாணம் முடித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், அவள் அந்தக் குடும்பத்தையே விட்டுப் புறப்பட்டுவிடுகிறாள். இந்நூலுக்காக 1976-ம் ஆண்டின் ஞானபீடப் பரிசை ஆஷாபூர்ணா பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

“பெண்கள் எழுதினால் அடுக்களையைத்தானே எழுதுவார்கள்?” என்று கேட்கும் விமர்சகர்களை நான் சந்தித்திருக்கிறேன். அடுக்களை அற்ப விஷயம் அல்ல என்பதற்கு மேற்சொன்ன இருவரும் போதும். அடுக்களையோடு நின்றுவிடுவார்கள் என்பதும் பொய். முசிறியில் பிறந்து பதினைந்து வயதில் மணமான ராஜம் கிருஷ்ணன், நீலகிரி மக்களைப் பற்றிக் ‘குறிஞ்சித் தே’னும், சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையரைப் பற்றி ‘முள்ளும் மலர்ந்த’தும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளைப் பற்றிக் ‘கரிப்பு மணிக’ளும் எழுதினார். அங்கங்கே நேரில் போய்ப் பார்த்து எழுதினார். வீட்டில் உட்கார்ந்தபடியே இமயமலை வரைக்கும் வர்ணித்துவிடும் ஆண் எழுத்தாளர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டிய சங்கதி இது.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேனா பெண் கைக்கு வந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்த நாட்களிலும், அது எல்லாப் பெண்கள் கைக்கும் வந்துவிடவில்லை. படித்த, மேல்சாதி வீடுகளின் வாசலில் அது வெகு காலம் நின்றது. 1992-ல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோதுதான், தலித் பெண் ஒருத்தி தன் வாழ்க்கையைத் தன் மக்கள் பேசும் தமிழிலேயே சொல்லும் குரலைத் தமிழ் வாசகர்கள் கேட்டார்கள். துவரங்குறிச்சியில் ஒரு முஸ்லிம் பெண், பருவம் வந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டு, வீட்டாருக்குத் தெரியாமல் சல்மா என்ற புனைபெயரில் கவிதை எழுதினார். அவருடைய ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004-ல் வெளிவந்தது. ராஸசுந்தரி ஏட்டை ஒளித்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு பெண் ஒளித்து எழுத வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் மனம் பதைக்கிறது.

குர்காவில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார் பேபி ஹால்தார். புத்தக அலமாரியைத் துடைக்கும்போது அவர் கை சற்றுத் தயங்குவதை வீட்டு எஜமானர் கவனித்தார். அவர் பிரேம்சந்தின் பேரர், பிரபோத் குமார். முதலில் படிக்கப் புத்தகம் கொடுத்தார். பிறகு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொடுத்தார். வேலை முடிந்து, குழந்தைகள் தூங்கிய பிறகு, பேபி வங்காளியில் தம் கதையை எழுதினார். 2002-ல் ‘ஆலோ ஆந்தாரி’ முதலில் இந்தியில் வெளிவந்தது. துடைக்கிறவளே எழுதுகிறவளும் ஆனாள்.

இன்று பெருமைப்பட நிறைய இருக்கிறது. 2025-ல் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் சிறுகதைகள், தீபா பாஸ்தியின் மொழிபெயர்ப்பில், சர்வதேச புக்கர் பரிசைப் பெற்றன. ஆனால் கைதட்டி ஓய்ந்தபின் ஒரு கணக்கையும் பார்ப்பது நல்லது. தமிழ் நூல்களுக்கான சாகித்திய அகாடமிப் பரிசு 1955-ல் தொடங்கியது. அதிலிருந்து 2024 வரையில் அதைப் பெற்ற பெண்கள் நால்வர்: ராஜம் கிருஷ்ணன், லக்ஷ்மி, திலகவதி, அம்பை. எழுதியவர்கள் நால்வர்தானா என்பது வாசகர்களுக்கே தெரியும்.

பரிசு கொடுப்பது ஒரு சபையின் காரியம். பேனா கொடுப்பது வீட்டுக் காரியம். அதற்கு எந்தச் சபையும் கூட வேண்டாம். அலமாரியைத் துடைக்கும் கை ஒரு நிமிஷம் தயங்கினால், அதைக் கவனிக்கும் கண் இருந்தால் போதும். ஒவ்வொரு புதிய கைக்கும் பேனா போகும்போது, அதுவரை யாரும் திறந்து பார்க்காத ஓர் அறை நம் இலக்கியத்தில் திறக்கிறது. நம் தேசத்தில் இன்னும் எத்தனையோ அறைகள் பூட்டியே கிடக்கின்றன.