அடங்கிவிட்டார், பிறகு?

அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். நஞ்சு அருந்தியிருக்கலாம், போதையாகவும் இருக்கலாம். கையைக் காலை உதறுகிறார், தாதியரை அடிக்கப் பாய்கிறார். ஓர் ஊசி போட்டால் அடங்கிவிடுவார். ஆனால் அடங்கியவரின் மூச்சை யார் கவனிப்பது? இந்தக் கேள்விக்கு விடை காண மருத்துவ உலகத்துக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று.

1903-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எமில் ஃபிஷரும் ஜோசப் ஃபொன் மேரிங்கும் பார்பிட்டல் என்ற தூக்க மருந்தை அறிமுகப்படுத்தினார்கள். ‘வெரொனால்’ என்ற பெயரில் அது விற்பனையானது. அதன் வழிவந்த மருந்துகள் மனநல மருத்துவமனைகளில் கொந்தளித்தவர்களை உறங்க வைத்தன. ஆனால் தூங்க வைக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடைவெளி குறைவு. வீட்டு அலமாரிக்குள் அவை புகுந்தபின், அமைதிப்படுத்த வந்த மருந்தே நஞ்சாகிப் பலரை மருத்துவமனைக்கு அனுப்பியது.

மருத்துவர்கள் அவர்களை எப்படியாவது எழுப்பப் பார்த்தார்கள். அதற்குப் போட்ட ஊசிகளில் ஒன்று பிக்ரோடாக்சின். நம்மவர்கள் காக்கைக்கொல்லி என்பார்களே, மீனை மயக்கிப் பிடிக்க நீரில் கலக்கும் விதை, அதன் நஞ்சேதான்! கண் விழித்தவர்களும் உண்டு, வலிப்பு கண்டவர்களும் உண்டு.

1949-இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில், பிஸ்பெபியர்க் மருத்துவமனையில், நஞ்சுண்டவர்களுக்கென்றே ஒரு பிரிவு திறக்கப்பட்டது. அதை நடத்திய மனநல மருத்துவர் கார்ல் கிளெமெசனும், மயக்கவியல் மருத்துவர் எரிக் நில்சனும் பழைய வழக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். எழுப்ப வேண்டாம், தூங்கட்டும் என்றார்கள். மூச்சுக்குழாய் அடைபடாமல் பார்த்து, சளியை உறிஞ்சி எடுத்து, பிராணவாயு கொடுத்து, இரத்த அழுத்தத்தைக் கவனித்து, புரட்டிப் படுக்க வைத்து, இரவும் பகலும் அருகில் ஆள் இருந்தால் உடலே மருந்தை வெளியேற்றிவிடும். ஏறத்தாழ 20 விழுக்காடாக இருந்த இறப்பு 1, 2 விழுக்காட்டுக்கு இறங்கியது. புது மருந்து ஏதும் இல்லாமலே!

பின்னர் 1963-இல் வேலியம் வந்தது. பழைய மருந்துகளைவிடப் பாதுகாப்பானது என்றாலும், மதுவோடு சேர்ந்தால் அதுவும் மூச்சை மட்டுப்படுத்தும்.

கோப்பன்ஹேகன் கற்றுக்கொடுத்தது எல்லா இடத்திலும் நினைவில் நின்றதா? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், அரோரா நகரில், 2019 ஆகஸ்டில் எலைஜா மெக்ளெய்ன் என்ற 23 வயது இளைஞரைக் காவலர்கள் தடுத்து, கழுத்தைப் பிடித்து, விலங்கிட்டார்கள். குற்றம் எதுவும் செய்யாதவர் அவர். கட்டுக்கடங்காத வெறி என்று கருதிய மருத்துவ உதவியாளர்கள் அவருக்கு 500 மில்லிகிராம் கெட்டமின் போட்டார்கள். எடையைச் சுமார் 90 கிலோ என்று கண்ணால் கணித்திருந்தார்கள். உண்மையில் 65 கிலோதான். ஆம்புலன்சில் அவருடைய இதயம் நின்றது. சில நாட்களில் இறந்தார். 2023 டிசம்பரில் அந்த உதவியாளர்கள் இருவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. ஊசிக்கு முன்னும் பின்னும் அவருடைய நாடியையும் மூச்சையும் சரிவரப் பார்க்கவில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம்.