செஞ்சியிலிருந்து சித்தாமூருக்கு: முனிவர் நடந்த வழி

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் பலர். அவர்களுள் வடக்கே சிங்கவரம் செல்லும் வழியில் சென்று, சிறுகடம்பூரை அடுத்த திருநாதர்குன்றின்மேல் ஏறுவோர் மிகச் சிலரே. அங்கே ஒரு பெரும்பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்களும் வரிசைக்குப் பன்னிரண்டாக இரு வரிசைகளில் செதுக்கப்பட்டுள்ளன. அக்குன்றிலேயே, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் இதுவென அறிவிக்கும் கல்வெட்டும் உள்ளது. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியது என அறிஞர் கருதும் அக்கல்வெட்டு, 'ஐ' என்னும் உயிரெழுத்து காணப்படும் மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்றாகவும் போற்றப்படுகிறது. 30 நாள் நோன்பிருந்த இளையபட்டாரரின் பெயரைக் கூறும் பிற்காலக் கல்வெட்டொன்றும் அங்கு உண்டு.

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர்க்கு அக்கல்வெட்டு ஒரு கருவூலம். நாம் இங்கு அதனை வேறொரு நோக்கில் காண விழைகிறோம். சல்லேகனை மேற்கொண்ட முனிவரைத் தனியே விடுதல் மரபன்று. உடனிருந்து பணிசெய்யும் முனிவரும், அவர்தமக்கு உணவளிக்கும் இல்லறத்தாரும் வேண்டும். அவ்வாறாயின், அந்த ஐம்பத்தேழு நாளும் ஊரிலிருந்து குன்றுக்கும் குன்றிலிருந்து ஊருக்கும் மக்கள் நடந்தவண்ணம் இருந்திருத்தல் வேண்டும். கல்லில் பெயர் நின்றது. அவர்கள் நடந்த தடம் மண்ணில் இருந்தமையால் நம் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. அத்தடத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

செஞ்சிக்குக் கிழக்கே, நெடுஞ்சாலையினின்று விலகி உள்ளே அமைந்த ஊர் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்தம் தலைமை மடமாகிய ஜினகாஞ்சி மடமும், இலட்சுமிசேன பட்டாரகர் என்னும் பட்டப்பெயர் தாங்கி வரும் அருளாளர் பீடமும் அங்குள்ளன. பார்சுவநாதர் ஆலயத்தின் இராசகோபுரமும் திருத்தேரும் அனைவரும் அறிந்தவை. அவற்றினும் பழமையானது மலைநாதர் கோயில். பார்சுவநாதர், பாகுபலி, தருமதேவி முதலியோர் திருவுருவங்கள் பாறையிலேயே ஒன்பதாம் நூற்றாண்டளவில் வடிக்கப்பட்டுள்ளன. இவ்வூரைச் சூழ்ந்த பகுதியில் பெரும்புகை, விழுக்கம், வீடூர், அகலூர் எனச் சமணர் வாழும் ஊர்கள் பல. திருநாதர்குன்றில் வணங்கிய முனிசங்கம் அடுத்துச் சித்தாமூரை நோக்கி விகாரம் செய்வது இயல்பு. எவ்வழியே செல்வது என்பதே வினா.

இன்று சிராவகர் நினைவில் முதலில் எழுவது திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் 77ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே. அதில் பேருந்தும் சரக்குந்தும் இடைவிடாது ஓடுகின்றன. நம் முனிவரோ காலணி அணியார்; ஊர்தி ஏறார். பங்குனி வெயிலில் தார்ச்சாலை எவ்வாறு சுடும் என்பதைக் கூறத் தேவையில்லை. அதனால் சாலையோர வெள்ளைக்கோட்டின்மேல் அடிவைத்து நடக்கும் முனிவரைப் பலரும் கண்டிருப்பர். நாட்டின் பல பகுதிகளில், விகாரத்தின்போது வாகனம் மோதித் துறவியர் உயிர்நீத்த துயரச் செய்திகள் மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருக்கின்றன. அத்தகைய செய்தி வரும்போதெல்லாம் நாம் இரங்கற் கூட்டம் கூட்டுகிறோம். வழியை மாற்றுவது பற்றிப் பேசுவது அரிதாகவே உள்ளது.

ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. கதிரவன் ஒளியில், நான்கு முழத் தொலைவுக்கு முன்னிலத்தை நோக்கி, வேறொன்றில் மனம் செலுத்தாது, உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் அடிபெயர்த்தலே அது. நெடுஞ்சாலையில் நடப்பவர் கண் அந்த நான்கு முழத்தில் நிற்க இயலுமா? முன்னே வரும் வண்டியைப் பார்க்க வேண்டும். பின்னே ஒலிக்கும் ஒலிப்பானுக்கு ஒதுங்க வேண்டும். ஆகவே அச்சாலையால் இடர்ப்படுவது முனிவர்தம் உடல் மட்டுமன்று, அவர்தம் விரதமும் ஆகும்.

அவ்வாறாயின் வயல்வரப்பின்மீது செல்லலாமே என்பர் சிலர். அதற்கு விடை நம் சிலப்பதிகாரத்திலேயே உள்ளது. புகாரினின்று மதுரைக்குப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளைக் கண்டு வணங்குகின்றனர். கடிஞையும் அறுவையும் மயிற்பீலியும் ஏந்தி உடன் வர இசைந்த அவ்வடிகள், புறப்படுமுன் வழியின் இயல்பை விளக்கும் பகுதி நாடுகாண் காதையில் உள்ளது. சோலைவழியே செல்லின், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த சண்பகப்பூ மூடிப் பொய்ந்நிலமாக்கியிருக்கும். பலாக்கொட்டை பரல்போல் அடியை உறுத்தும். வயல்வழியே செல்லின், நீர்நாயும் வாளைமீனும் கண்ணகியை அஞ்சச் செய்யும். இவை நடப்போர்க்கு நேரும் இடர்கள். அடுத்து அடிகள் கூறுவதே நாம் கருதத்தக்கது: நீரடைந்த கரையில் நடக்கும்போது நண்டும் நத்தையும் அடியின்கீழ்ப்பட்டு நோயுறுமாயின், அத்துன்பம் தாங்க ஒண்ணாதது என்கிறார். நடப்பவர்க்கு நேரும் இடரையும், நடப்பவரால் நேரும் இடரையும் ஒரே மூச்சில் எண்ணிப் பார்க்கும் இப்பகுதிக்கு ஒப்பான வழிநடைக் குறிப்பு வேறு எங்கும் எளிதில் கிடைப்பதன்று. வழிவருணனை என உரையாசிரியர் கடந்து செல்லும் இவ்விடத்தை ஈர்யா சமிதியின் தமிழ் விளக்கமாகவே கொள்ளலாம் என்பது எம் கருத்து.

(பாண்டிநாட்டு எல்லைக்குள் சென்றபின், கண்ணகி வெயில் பொறாள் என்று கோவலன் வேண்ட, அடிகள் நிலவொளியில் இரவு நடைக்கு உடன்பட்டதாகவும் காவியம் கூறுகிறது. துறவொழுக்கத்தோடு இது எங்ஙனம் பொருந்தும் என வினவுவோர் உளர். உடன் வருவோரின் தளர்ச்சி கண்டு நெகிழ்ந்த உள்ளத்தைக் காட்டவே அடிகளார் அவ்வாறு அமைத்தார் எனக் கொள்ளுதல் தகும்.)

நெடுஞ்சாலையும் ஆகாது, ஈரவரப்பும் ஆகாது எனில் எஞ்சுவது யாது? மூலாசாரம் இதற்கு விடை கூறுகிறது. வண்டிகளும் விலங்குகளும் மாந்தரும் பலகால் சென்று பயின்றதும், வெயிலால் காய்ந்ததும், ஏரால் உழப்பட்டதும் ஆகிய நிலமே உயிர்நீங்கிய தூய வழி, அதாவது பிராசுக மார்க்கம் என்கிறது அந்நூல். நம் சிற்றூர் மொழியில் கூறுவதாயின், அதுதான் வண்டிப்பாட்டை. மாட்டுவண்டிச் சக்கரம் இருபுறமும் அழுத்திப் புல் முளையாது செய்த அந்த மண்தடமே, ஆகமம் முனிவர்க்கு வகுத்த வழிக்கு மிக நெருங்கியது. காலுக்குத் தாரினும் இனியது. கண்ணுக்கு எறும்பின் வரிசை தெளிவாகப் புலப்படும் வெறுமண். நெடுஞ்சாலையைத் தவிர்க்கும் நடைவழி என்பது புதிதாக எவரும் காணவேண்டிய ஒன்றன்று; அது முன்னரே இருந்தது.

அவ்வழிகள் ஊரை ஊரோடு பிணைத்தன என்பதற்குத் தொண்டூர்க் கல்வெட்டு ஒரு நல்ல சான்று. செஞ்சிப் பகுதியில் உள்ள அவ்வூர்க் குன்றில், பாறையில் வெட்டிய படுக்கைகளும் பார்சுவநாதர் திருவுருவமும் உள்ளன. மூன்றாம் நூற்றாண்டளவினதாகக் கருதப்படும் அங்குள்ள எழுத்துப்பொறிப்பு, இளங்காயிபன் ஏவ, மோசி என்பவர் செய்த இருக்கை அது என்றும், அதனை அகழூர் அறம் என்றும் குறிக்கிறது. அகழூர் என்பது இன்றைய அகலூரே என அறிஞர் கொள்வர். ஓரூரார் மற்றோர் ஊரின் குன்றில் முனிவர்க்குப் படுக்கை அமைத்துள்ளனர். அங்குத் தங்கும் முனிவர்க்கு உணவளிக்கும் கடமையும் அவர்தம்மைச் சார்ந்திருக்கும். ஏறக்குறைய ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளாகப் பெயர் மாறாத அவ்வூரில் இன்றும் சமணர் வாழ்கின்றனர் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிக்கிறது.

முனிவர்தம் உணவுமுறையும் வழியின் நீளத்தை அளந்தது எனலாம். நாளுக்கு ஒருவேளை, நின்றவாறே, கையையே கலமாகக் கொண்டு ஏற்கும் ஆகாரம்; அதனை முறையறிந்து அளிக்க ஒரு சிராவகர் இல்லம் வேண்டும்; தூய கிணற்றுநீர் வேண்டும். ஞாயிறு தோன்றியபின் புறப்பட்டு, உணவுவேளைக்குள் அத்தகைய இல்லத்தை அடைதல் வேண்டும். நம் ஊர்கள் ஒன்றற்கொன்று சிலமணி நேர நடைத்தொலைவில் அமைந்திருப்பதை இத்துடன் இணைத்துக் காணலாம். ஊர்கள் அமைந்ததற்கு ஏரியும் நிலமுமே முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றுள் எவ்வெவற்றில் அறம் நிலைத்தது என்பதற்கு முனிவர் நடை ஒரு காரணமாக இருந்திருக்கும். செஞ்சி நாயக்கர் ஒருவர் காலத்துத் துன்பத்திற்குப் பின், வீரசேனாசாரியர் சிரவணபெளகுளம் சென்று மீண்டு, சிதறிய மக்களை மீண்டும் அறநெறியில் நிறுத்தினார் என வழிவழியாகக் கூறப்படுவதும் இத்தகைய ஊர்நடையால் கைகூடியதே.

இனிப் பருவம் பற்றி ஒரு சொல். ஆடியை ஒட்டித் தொடங்கும் வர்ஷாயோகம், தீபாவளியன்று மகாவீரர் வீடுபேற்று நாளோடு நிறைவுறும். அதன்பின் முனிவர் விகாரம் தொடங்குவர். வடநாட்டு மழைக்கு இக்கணக்கு முற்றும் பொருந்தும். நம் தொண்டைநாட்டிலோ ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. சாதுர்மாஸ்யம் முடியும்போது நம் வண்டிப்பாட்டைகள் சேறாகி, ஓரமெங்கும் பசும்புல் தளிர்த்து, சிற்றுயிர் மலிந்து கிடக்கும். ஆகையால் மழை ஓயாத நாள்களில் முனிசங்கத்தை அழைத்துவர விரும்புவோர் வேறு வழியின்றித் தார்ச்சாலைக்கே வருகின்றனர். பொங்கலுக்குப்பின் அறுவடை முடிந்து, நிலம் காய்ந்து, தாள் மட்டும் நிற்கும் தை, மாசி மாதங்களே இப்பகுதியில் மண்வழி நடைக்கு உகந்தவை. அழைப்பு விடுக்கும் ஊரார் இதனைக் கருதி நாள் குறித்தல் நலம்.

வழிகள் இன்னும் உள்ளனவா? தாளில் உள்ளன. வருவாய்த்துறையின் கிராம வரைபடங்களிலும் 'அ' பதிவேட்டிலும் வண்டிப்பாட்டை புறம்போக்கு எனப் புல எண்ணோடு அவை குறிக்கப்பட்டுள்ளன. நிலத்தில் அவற்றின் நிலை ஊருக்கு ஊர் வேறுபடும். சில, ஊராட்சிச் சாலைகளாகித் தார் பூசப்பெற்றுவிட்டன; போக்குவரத்துக் குறைவாதலின் அவை இன்றும் நடைக்கு ஏற்றவையே. சில, முள்மரம் மண்டி மறைந்தன. சில, இருபுறத்து நிலத்தாரும் ஆண்டுக்கொரு சாலாக உழுது உழுது ஒற்றையடிப் பாதையாகக் குறுகிவிட்டன. மாட்டுவண்டி ஒழிந்தபின் அத்தடத்தைக் கேட்பார் இல்லாமற் போயிற்று. அதனை நினைவில் வைத்திருப்போர், அவ்வழியே கரும்பும் நெல்லும் ஏற்றிச் சென்ற முதியவர்களே. அவர்களும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

எனவே செய்யத்தக்கது பெரும்பொருட் செலவுடையதன்று. செஞ்சிக்கும் சித்தாமூருக்கும் இடைப்பட்ட ஒவ்வோர் ஊரின் வரைபடப் படியையும் முறைப்படி பெறலாம். வரும் தை மாதத்தில் இளைஞர் நால்வரும் வழியறிந்த முதியவர் ஒருவருமாகத் திருநாதர்குன்றின் அடியினின்று காலையில் புறப்படலாம். வண்டிப்பாட்டை எங்கே தெளிவாக உள்ளது, எங்கே அடைபட்டுள்ளது, நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டுமாயின் எவ்விடம் இருபுறமும் பார்வை தெளிந்தது, நிழல்மரமும் கிணறும் எங்குள்ளன, நண்பகலுக்குமுன் எவ்வூரை அடையலாம் என்பனவற்றைக் குறித்து வரலாம். அடைபட்ட இடங்களைப் பற்றி அவ்வவ்வூர் நிலத்தாரிடம் முதலில் அன்போடு பேசுதல் வேண்டும். மனு எழுதுவது அதன் பின்னரே. அக்குறிப்புகளை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி மடத்தில் வைத்துவிட்டால், அடுத்து வரும் முனிசங்கத்திற்கு முன்னடக்கும் சிராவகர் கையில் அது இருக்கும்.