நாற்பது காசு

மலாயாத் தோட்ட வரலாற்றைப் படிக்கும்போது இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: 50, 40. 1920களின் பிற்பகுதியில், போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களுக்கு இந்தியக் குடியேற்றக் குழு வகுத்த நாள்கூலி அது. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40.

நான் கட்டுமானத் துறைப் பொறியாளன். ஒரு வேலைக்கு எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுவதுதான் தினமும் செய்கிற வேலை. அதே கேள்வியை இந்த 40 காசிடம் கேட்டால் கணக்கு உதைக்கிறது.

கித்தா மரத்தில் விடிகாலையில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டோடு பிரட்டுக்கு நிற்க வேண்டும். அதற்கு முன்பே எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விடுவது பெண்ணின் வேலை. கிள்ளான் பக்கம் மரம் சீவிய என் பாட்டி சொல்வார்: "மரம் என்ன பொம்பளன்னு பாத்தா பால் குடுக்குது? நெறைய முடிச்சிட்டு வந்தா லயத்துல இன்னொரு நெறை காத்துக் கெடக்கும்." அந்த இரண்டாவது நெறைக்குச் செக்ரோலில் பெயரே கிடையாது.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி நின்றுவிட்டால் அன்றைய கூலி போச்சு. கங்காணிக்கும் அவள் பெயரில் வர வேண்டிய தலைக்காசு போச்சு. பிரட்டுக்கு வந்த ஆளைக் கணக்கிட்டுத்தான் அவருக்குத் தலைக்காசு. ஆக, தாய் வீட்டில் இருப்பது யாருக்கும் பிடிக்காத காரியம்.

1930களின் பொருளாதார மந்தத்தில் கூலி இன்னும் சரிந்தது. 1936 இறுதியில் இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி, பழைய கூலியைத் திரும்பக் கொடுக்கப் பரிந்துரைத்தார். அதாவது, ஆணுக்கு 50, பெண்ணுக்கு 40! நமக்காகப் பேச வந்தவருக்கும் அந்தப் பத்துக் காசு உறுத்தவில்லை.

1941 கிள்ளான் வேலைநிறுத்தம் நம் தொழிலாளர் வரலாற்றின் பெரிய அத்தியாயம். ஆர். எச். நாதன் கைதானார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். சீனர்களுக்கு இணையான கூலி, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காதிருக்கும் உரிமை, கள்ளுக்கடைகளை மூடுவது எல்லாம் கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. துரைமாரும் கிராணிமாரும் பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும் என்பதும் இருந்தது. அது சாதாரண விஷயமில்லை. ஆனால் இந்தியனுக்கும் சீனனுக்கும் சம கூலி கேட்ட அந்தப் பட்டியலில், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி தனிக் கோரிக்கையாக இல்லை. பெண்ணின் மானம் போராட்டத்துக்குள் வந்தது, அவள் கூலி வரவில்லை.

இது முடிந்துபோன தோட்டக் கதை என்று ஒதுக்க முடியாது. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி, உலக வேளாண் துறையில் ஆண் ஒரு டாலர் சம்பாதிக்கும்போது பெண்ணுக்கு 82 சென்ட். நம் 40 காசை 50-ஆல் வகுத்துப் பாருங்கள்: 80. ஆப்பிரிக்க நாடுகள் ஆறில் பெண் விவசாயிகளின் விளைச்சல் ஏன் குறைகிறது என்று உலக வங்கியும் ஒன் அமைப்பும் 2014-ல் ஆராய்ந்தபோது, நிலம், உரம் ஆகியவற்றோடு ஆள்பலமும் பெரிய தடையாக இருந்தது. வயலுக்கு ஆள் திரட்டுவது பெண்ணுக்குக் கடினம். வீடும் பிள்ளையும் அவள் நேரத்தைத் தின்றுவிடுகின்றன. குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பது அந்த அறிக்கை முன்வைத்த தீர்வுகளில் ஒன்று. நம் ஆயாக்கொட்டகைதான்!

"தாத்தா மரம் சீவி அப்பாவைப் படிக்க வெச்சார்" என்றுதான் நம் வீடுகளில் கதை சொல்கிறோம். பாட்டியும் அதே மரங்களைத்தான் சீவினார். தோட்டங்களில் வேலை பார்த்த பெண்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பிரட்டுக்கு முன்னாலும் நெறைக்குப் பின்னாலும் அவர்கள் செய்த வேலையைக் கேட்டுப் பதிவு செய்ய நமக்கு அதிக வருடங்கள் இல்லை.