வெள்ளைக் குட்டியும் கேளாச் செவியும்

வெங்கிணாந்தி எண்டால் எங்கட அம்மம்மாமாருக்கு ஆட்டுக்குட்டியை விழுங்குகிற ஒரு பெரிய பாம்பு, அவ்வளவுதான். இப்ப எழுவைதீவுப் பொடியளின் போனில் ஓடுகிற வெங்கிணாந்தி வேற. எலுமிச்சை மஞ்சள், பால்வெள்ளை, சொக்லேட்டில் கோடு போட்டது எண்டு பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கினம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு விலை. "இதை எங்க வாங்கலாம்?" எண்டு எங்களிட்டயும் ஒருத்தர் கேட்டார். இலங்கையில் வாங்க ஏலாது. 1937இல் வந்த வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வெங்கிணாந்தியைப் பிடித்து வீட்டில் வைக்க விடாது. ஆனால் அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் உள்ள வரலாறு தெரிந்து வைத்திருக்க வேண்டியது. அதன் ஒரு கிளை தமிழ்நாட்டில், பாம்பில் இல்லை, நாயில் இருக்கிறது.

அந்தப் பாம்பின் பெயர் பால் பைதன். பாலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டு தலையை உள்ளே ஒளிக்கும், அதனால் வந்த பெயர். ஊர் மேற்கு ஆபிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளில் இருந்து இலட்சக்கணக்கில் ஏற்றுமதி ஆனது. காட்டில் அது கறுப்பும் மண்ணிறமும்தான். ஆயிரத்தில் ஒன்று நிறம் மாறிப் பிறந்தால் அதைத் தனியாகப் பிரித்து அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். 1992இல் பொப் கிளார்க் என்ற அமெரிக்கர், கறுப்பு நிறமி இல்லாத மஞ்சள்-வெள்ளைப் பால் பைதனைக் கூட்டுக்குள்ளேயே குஞ்சு பொரிக்க வைத்தார். வியாபாரம் அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது.

இதன் கணக்கு லேசானது. மஞ்சள் பாம்பைச் சாதாரணப் பாம்போடு சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் சாதாரண நிறம். ஆனால் ஒவ்வொன்றுக்கு உள்ளேயும் அந்த மரபணுவின் ஒரு பிரதி ஒளிந்திருக்கும். அப்பிடியான இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒன்று மஞ்சளாக வரும் எண்டு எதிர்பார்க்கலாம். எங்கட பாடசாலைப் புத்தகத்தில் மெண்டலின் பட்டாணி எண்டு படித்தோமே, அதே கணக்கு. சிக்கல் என்னவெண்டால், கையில் ஒரு மஞ்சள் பாம்புதான் இருக்கும். அடுத்ததை எடுக்க அதன் குஞ்சையே அதோடு சேர்க்க வேணும், இல்லாட்டில் கூடப் பிறந்ததோடு. அண்ணன் தங்கையைச் சேர்த்தால், குஞ்சின் மரபணுக்களில் 25 வீதம் இரண்டு பக்கமும் ஒரே பிரதியாக வந்து விழும் வாய்ப்பு உண்டு. நிறத்துக்காகத் திறந்த கதவால் ஒளிந்திருந்த நோயும் வரும்.

ஆனால் எல்லாக் கேடும் இரத்தக் கலப்பால் வருவதில்லை. சில நேரம் நிறமே கேடு. 1999இல் ஆபிரிக்காவில் இருந்து வந்த ஒரு பாம்பின் உடம்பில் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் இருந்தன. 'ஸ்பைடர்' எண்டு பெயர் வைத்தார்கள். அதன் மரபணு ஒளியாது, ஒரு பிரதி போதும், குஞ்சுகளில் பாதி வலையோடு பிறக்கும். வியாபாரிக்கு இதைவிட வேற என்ன வேணும்! ஆனால் அந்தக் குஞ்சுகளின் தலை ஆடியது. சில மெல்லமாய், சில திருகாணி மாதிரி முறுகி, எலியைக் குறி வைத்தால் பக்கத்துச் சுவரைக் கொத்தும். எத்தனை தரம் வெளிப்பாம்போடு சேர்த்தாலும் ஆட்டம் போகவில்லை. "தின்னுது, வளருது, குட்டியும் போடுது, பிறகென்ன?" என்பதுதான் விற்றவர்களின் பதில். 2018 அளவில் பிரித்தானியாவின் ஊர்வன வளர்ப்போர் சங்கம் ஒன்று தன் கண்காட்சிகளில் ஸ்பைடரை விற்கத் தடை போட்டது. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்தப் பாம்புகளின் தலையை நுண்படம் எடுத்துப் பார்த்தது. உட்செவியில் சமநிலையைக் காக்கும் வளையங்கள் கோணலாய் இருந்தன.

தோலின் கோட்டுக்கும் காதின் வளையத்துக்கும் என்ன உறவு? இந்த இடத்தில்தான் நாங்கள் இராசபாளையத்துக்குப் போக வேணும்.

விருதுநகர் மாவட்டத்து இராசபாளையம் நாயைத் தெரியாதவர்கள் குறைவு. உயரமான, ஒல்லியான வேட்டை நாய். பாளையக்காரர் காலத்தில் குதிரைப்படைக்கு எதிராக ஏவப்பட்டது எண்டு ஊரில் கதை உண்டு. விஜயநகரக் காலத்துக்குப் பிறகு தெற்கே வந்து குடியேறிய ராஜுக்கள் குடும்பங்களில் பொத்திப் பொத்தி வளர்த்த இனம். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாலு நாய்களுக்கு முத்திரை வெளியிட்டபோது அதில் ஒன்று இது. அதன் அடையாளம் எண்டு எல்லாரும் சொல்வது வேகத்தை இல்லை, நிறத்தை: பால்வெள்ளை உடம்பு, றோஸ் மூக்கு. அந்த நிறம் தானாக நிலைக்கவில்லை. ஈற்றில் மண்ணிறமோ கறுப்புத் திட்டோ விழுந்த குட்டிகளை முந்தின காலத்தில் பிறந்த உடனேயே கழித்துவிடுவார்கள். கழிப்பது எண்டால் கொல்வது. தலைமுறை தலைமுறையாக வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தார்கள். அதோடு செவிட்டுக் குட்டிகளும் வந்தன. நீலக்கண் குட்டியை எடுக்காதே, அதுக்குக் காது கேளாது எண்டு வளர்ப்பவர்களே சொல்லி வந்தார்கள். ஆய்வுகூடம் இல்லாத ஆட்களின் கவனிப்பு, சரியாகவே இருந்தது. டார்வினும் தன் நூலில் பூனையைப் பற்றி இதையேதான் எழுதினார்: முழு வெள்ளையும் நீலக்கண்ணும் சேர்ந்தால் பெரும்பாலும் செவிடு.

காரணம் கருவுக்குள் இருக்கிறது. தோலுக்கு நிறம் தருகிற கலங்கள் கருவின் முதுகுப் பக்கத்தில் தோன்றி, உடம்பு முழுக்க ஊர்ந்து போய்க் குடியேறும். அதில் ஒரு பங்கு உட்செவிக்கும் போகும். அங்கே நிறம் பூசுவது அவற்றின் வேலை இல்லை. ஒலியை உணர்கிற மயிர்க்கலங்கள் உயிரோடு இருக்கத் தேவையான சூழலைக் காப்பதுதான் வேலை. அந்தக் கலங்கள் காதுக்குப் போய்ச் சேராவிட்டால், நாய்க்குட்டி பிறந்து மூன்று நாலு கிழமைக்குள் மயிர்க்கலங்கள் செத்துப் போகும். புள்ளி நாய் எண்டு நாங்கள் சொல்கிற டால்மேஷியனில் அமெரிக்காவில் எண்ணிப் பார்த்தபோது ஏறத்தாழ 30 வீதத்துக்கு ஒரு காதாவது கேட்கவில்லை.

ஆக, வெள்ளை எண்டால் ஒரே வெள்ளை இல்லை. கிளார்க்கின் மஞ்சள் பாம்பில் நிறக்கலங்கள் இருக்கின்றன, கறுப்பு நிறமியைச் செய்யத் தெரியாமல் சும்மா இருக்கின்றன, அதனால் காதுக்குச் சேதமில்லை. வெள்ளை நாயில் கலங்களே போய்ச் சேரவில்லை. ஸ்பைடர் பாம்பின் கோணல் வளையமும் இந்த ஊர்ந்து போகும் கலங்களின் குழப்பத்தால் வந்திருக்கலாம் எண்டு ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் வடிவான நிறம்தான்.

அரசும் இதற்குள் இறங்கியது. 1980களின் தொடக்கத்தில் தமிழ்நாடு கால்நடைத் துறை சென்னை சைதாப்பேட்டையில் ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவை நடத்தத் தொடங்கியது. இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை எல்லாம் அங்கே வளர்ந்தன. நாய்களை வைத்திருந்த நிலைமை பற்றி வழக்கு வந்து, 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. நாலு ஆண்டு கழித்து, 2020 ஓகஸ்டில் இந்தியப் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது இராசபாளையத்தின் பெயரும் வந்தது. கேட்டு வருகிறவர்கள் வெள்ளையைத்தான் கேட்பார்கள் எண்டு நாங்கள் நினைக்கிறோம். முத்திரையில் இருப்பதும் அதுதானே.

சின்னக் கூட்டம் என்ன ஆகும் எண்டு யோசிக்கத் தீவாருக்குத் தூரம் போகத் தேவையில்லை. நெடுந்தீவுக் குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி அங்கே பொறுப்பாய் இருந்து குதிரை வளர்ப்பை நடத்தினார். அவர்கள் போன பிறகு குதிரைகளை ஆரும் தெரிவு செய்து சேர்க்கவில்லை. நீரில்லாத கோடை தெரிவு செய்தது. 2015இல் அந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆனது. இனம் பெருக்குகிற 25 சோடி மட்டும் ஒரு தீவில் அடைபட்டால், ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு வேறுபாட்டில் ஒரு வீதம் கழியும், அதுவும் எல்லாச் சோடியும் சமமாய்க் குட்டி போட்டால். நாய் வளர்ப்பில் அப்பிடி நடக்காது. பரிசு வாங்கின ஒரே கடுவனைத்தான் பத்து வீட்டார் கேட்பினம். ஆடு வைத்திருக்கிற எங்கட ஆக்கள் கிடாயை மாற்றுகிறார்கள். கேட்டால், "சொந்தத்துக்குள்ள விட்டா குட்டி நோஞ்சானாப் போகும் தம்பி" எண்டு சொல்லுவினம்.

நாய்க்கும் வழி உண்டு. திட்டு விழுந்த குட்டியைக் கழிக்காமல் இனப்பெருக்கத்தில் வைத்திருப்பது, நீலக்கண்ணை விலக்குவது, தாய் தகப்பன் ஆர் எண்டு கொப்பியில் எழுதி வைப்பது. கடினமானது காதைச் சோதிப்பது. பின்னால் நிண்டு கை தட்டினால் இரண்டு காதும் கேளாத குட்டி திரும்பாது, அது தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி திரும்பும். நல்ல குட்டி எண்டு விற்பார்கள், வாங்கினவரும் ஈன விடுவார், செவிடு அடுத்த தலைமுறைக்குப் போகும். அதைப் பிடிக்க, குட்டிக்கு ஐந்து கிழமை ஆன பிறகு தலையில் மின்முனை வைத்து ஒவ்வொரு காதாக மூளையின் பதிலைப் பார்க்கிற பரிசோதனை வேணும்.

எங்கட தீவில் ஒரு வீட்டில் அப்பிடி ஒரு வெள்ளை நாய் நிற்கிறது. வெளிநாட்டு மாமா அனுப்பின காசில் வந்தது. கூப்பிட்டால் வராது, மோட்டார் சைக்கிள் பின்னால் வந்தாலும் விலகாது. இப்ப அந்த வீட்டுப் பிள்ளையள் இரவில் டோர்ச் அடித்துக் கூப்பிடுகினம், பகலில் நிலத்தைக் காலால் உதைக்கினம். அதிர்வு காலுக்குத் தெரியுது, ஓடி வருது.