படுகளம்

பாரதப் போரின் பதினெட்டாம் நாளில் வீமன் துரியோதனனை வீழ்த்தியதை ஊரே கூடி மீண்டும் நடத்திக் காட்டும் நிகழ்வு படுகளம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரை, பர்கூர் வட்டாரங்களிலும், தருமபுரி, திருப்பத்தூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளிலும் திரௌபதி அம்மன், தர்மராஜா கோயில் திருவிழாக்களில் இது நடக்கிறது. கொடியேற்றிக் காப்புக் கட்டிய பின் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நாள்கணக்கில் தொடரும். நிறைவாகக் காலையில் படுகளம், மாலையில் தீமிதி. பெங்களூரில் திகளர் சமூகத்தார் எடுக்கும் கரகமும், இலங்கையின் பாண்டிருப்பிலும் உடப்பிலும் நடக்கும் தீமிதியும் இதே திரௌபதி வழிபாட்டைச் சேர்ந்தவை.

பழைய போர்களை நடித்துக் காட்டுவது உலகின் பல நாடுகளில் பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. பிரிட்டனில் கணவனும் மனைவியுமாக இரண்டாம் உலகப் போர்க்காலக் கடற்படைச் சீருடை அணிந்து இத்தகைய விழாக்களுக்கு வருவோர் உண்டு. பொத்தான் முதல் தொப்பி வரை எல்லாம் அக்காலத்தவை போலவே இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் காட்டும் அக்கறை மதிக்கத்தக்கது. ஆனால் தோற்றவனை என்ன செய்வது என்ற கேள்வி அங்கே தீரவில்லை. 1805இல் நெல்சனின் கப்பற்படை பிரெஞ்சு, ஸ்பானியப் படைகளை வென்ற டிரஃபால்கர் போரின் இருநூறாம் ஆண்டை ஒட்டி, 2005 ஜூன் 28 அன்று போர்ட்ஸ்மவுத் கடலில் ஒரு போர்க்காட்சி நடத்தப்பட்டது. யார் மனமும் புண்படக் கூடாதென்று இரு தரப்பையும் நாட்டின் பெயரால் சொல்லாமல் சிவப்பு அணி, நீல அணி என்றே அழைத்தார்கள். படுகளம் இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது. தோற்றவனைப் பெயர் சொல்லி அழைத்து, களத்திலேயே மிகப் பெரிய உருவமாக அவனைக் கிடத்தி, அவனுக்காக அழவும் செய்கிறது. போரை நடித்துக் காட்டுவோர் இழப்பைக் கண்முன் நிறுத்தும்போதுதான் அது முழுமை பெறும் என்பதற்குப் படுகளமே சான்று.

கோயில் திடலில் மல்லாந்து கிடக்கும் கோலத்தில் பல அடி நீளத்துக்குத் துரியோதனனை மண்ணால் செய்து, வண்ணம் தீட்டி, தொடைக்குள் செந்நீர் நிறைந்த கலயத்தைப் புதைத்து வைப்பார்கள். வீமனும் துரியோதனனுமாக வேடமிட்ட கூத்துக்கலைஞர்கள் அந்த உருவத்தைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டையிடுவார்கள். வீமன் கதையால் தொடையில் அடித்ததும் கலயம் உடையும். அந்தச் செந்நீரைத் தடவி, சூதாடிய அன்று அவிழ்ந்த திரௌபதியின் கூந்தலை முடித்துப் பூச்சூட்டுவார்கள். பிறகு காந்தாரியோ துரியோதனன் மனைவி பெருந்திருவாளோ வந்து ஒப்பாரி வைப்பதும் பல ஊர்களில் வழக்கம்.

விழாவின் பெரிய காட்சிகள் பலவும் கணவன் மனைவி உறவை ஒட்டியே அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். திரௌபதி கல்யாணத்தை அடுத்து, மனைவியைக் கணவன் பணயம் வைக்கும் சூது வருகிறது. அர்ச்சுனன் தபசன்று, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையுடன் தபசு மரத்தடியில் காத்திருந்து, மேலிருந்து அவன் வீசும் எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் ஏந்திக்கொள்கிறார்கள். அபிமன்யு சாகும்போது அவன் மனைவி உத்தரை கருவுற்றிருக்கிறாள். கூத்தாண்டவர் வழிபாட்டில் களப்பலிக்கு முன் அர்ச்சுனன் மகன் அரவானுக்குத் திருமணமாகிறது. மறுநாளே தாலி அறுபடுகிறது. போரின் விலையை வீடுகள்தான் கொடுக்கின்றன என்பதை இக்காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்காட்டுகின்றன.

படுகளம் வழிபாடு, அதைப் பொழுதுபோக்கோடு ஒப்பிடலாகாது என்பார்கள். நோக்கம் வேறுதான். ஆனால் வேடமும் களமும் ஒத்திகையும் இரண்டுக்கும் பொது. இழப்பை மறக்கவிடாமல் காப்பது அந்த வழிபாட்டு நோக்கமே. இரத்தம் தடவிக் கூந்தல் முடிப்பது பழிவாங்குவதைப் போற்றுவதாகாதா என்பது இன்னும் வலுவான கேள்வி. அங்கேயே விழா முடிந்திருந்தால் ஆம் எனலாம். ஒப்பாரி அதை முடியவிடுவதில்லை. வென்ற திரௌபதியும் அன்றிரவே தன் ஐந்து பிள்ளைகளை அசுவத்தாமனிடம் பறிகொடுத்தவள் என்பதைப் பாரதம் கேட்ட கூட்டம் அறியும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுகிறார்கள் என்ற குறை நியாயமானது. ஆயினும் நிலை மாறி வருகிறது. காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தை பி. ராஜகோபாலும் அவர் மனைவி ஹன்னே எம். டி புருயினும் வளர்த்தெடுத்தனர். அதன் குருகுலத்தில் சிறுமிகளும் கூத்துப் பயின்று மேடையேறினார்கள்.

போர்க்காட்சியின் தரத்தை உடையும் ஆயுதமும் மட்டும் முடிவு செய்வதில்லை. வென்றவனோடு தோற்றவனுக்கும், களத்தில் நின்றவனோடு வீட்டில் காத்திருந்தவளுக்கும் அதில் இடமிருக்க வேண்டும். அந்த அளவுகோலில் ஊத்தங்கரைப் பக்கத்துப் படுகளத்திடமிருந்து உலகம் கற்றுக்கொள்ள நிறையவே இருக்கிறது.